ஏர்க்காரன் தட்டு



மகள் வீட்டு விருந்தில் மரப்பலகை நிறைய சீஸ், ஆப்பிள், திராட்சை, ரொட்டி அடுக்கியிருந்த படத்தைப் போட்டாலும் போட்டேன், "சார், இது என்ன பலகாரம்?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "கிரேசிங் போர்டு" என்கிறார்கள். கிரேசிங் என்றால் மேய்ச்சல். விருந்தாளிகள் பேசிக்கொண்டே ஆளுக்கொரு துண்டாக எடுத்து மேய வேண்டியதுதான்! இந்தப் பலகைக்கு இங்கிலாந்தில் ஓர் உறவுக்காரத் தட்டு உண்டு. அதன் கதையை வரலாற்று வாத்தியார் சொல்லாமல் விட முடியுமா?

அதன் பெயர் "ப்ளோமேன்ஸ் லன்ச்". ஏர் உழுகிறவனின் பகல் சாப்பாடு என்று பொருள். ஒரு பெரிய துண்டு செடார் சீஸ், முரட்டு ரொட்டி, வெண்ணெய், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், ஓர் ஆப்பிள், பக்கத்தில் சட்னி. ஆம், நம் நாட்டுச் சட்னிதான். கம்பெனி காலத்தில் கப்பலேறிப் போய், சர்க்கரையும் வினிகரும் சேர்ந்து அடையாளம் மாறிவிட்டது. இந்தத் தட்டை அங்கே பப்புகளில் தருவார்கள். பழைய ஓட்டுவீடு, கரும்பலகையில் சுண்ணக்கட்டி எழுத்து, சுவரில் கலப்பைப் படம். பார்த்தால் ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்றே தோன்றும்.

ஆனால் அந்தப் பெயர் பரவியது 1950களுக்குப் பிறகுதான்.

இரண்டாம் உலகப் போர் பாடத்தில் ரேஷன் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். பிரிட்டனில் 1941 மே மாதம் சீஸுக்கும் ரேஷன் வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரத்துக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். பிறகு அளவு கூடும், குறையும். பால் வீணாகக் கூடாது என்று, பெரும்பாலும் ஒரே மாதிரியான கெட்டிச் சீஸை மட்டும் அரசு செய்யச் சொன்னது. மக்கள் அதை "அரசாங்கச் செடார்" என்றார்கள். ஊருக்கொரு ருசியாகச் செய்துவந்த பண்ணை வீடுகள் பல தொழிலையே விட்டன. போர் முடிந்தும் விடிவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷன் இல்லாதிருந்த ரொட்டிக்கு 1946 முதல் 1948 வரை ரேஷன் போட்டார்கள். சீஸ் ரேஷன் நீங்கியது 1954இல்.

பதின்மூன்று வருஷம் என்பது சின்ன இடைவெளி அல்ல. ஒரு தலைமுறை சீஸ் வாங்கும் பழக்கத்தையே மறந்துவிட்டது. அதை மீட்க "சீஸ் பீரோ" என்ற விளம்பர அமைப்பு பப்புகளைப் பிடித்தது. பியரோடு ரொட்டியும் சீஸும் சேர்ந்தால் இரு வியாபாரிக்கும் லாபம். 1960களில் பால் விற்பனை வாரியம் "ஏர்க்காரன் சாப்பாடு" என்ற பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

1983இல் இதே பெயரில் ஒரு திரைப்படம் வந்தது. எழுதியவர் இயன் மக்யூவன். சூயஸ் நெருக்கடியின் வரலாற்றைத் தன் வசதிக்கு மாற்றி எழுதும் ஒரு பத்திரிகைக்காரனின் கதை. பொய்யான பழமைக்கு இந்தத் தட்டை அடையாளமாக வைத்தார்கள்.

எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பெயர் விளம்பரக்காரன் கொடுத்தது, சரி. சாப்பாடு பொய்யல்ல. ரேஷன் காலத்திலேயே வயல் வேலைக்காரர்களுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் சீஸ் கொடுத்தார்கள். கேன்டீன் இல்லாத வயலில் அவர்கள் ரொட்டியும் சீஸும்தான் சாப்பிடுகிறார்கள் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. (மாமிசம் சாப்பிடாதவர்களுக்கும் அதற்குப் பதிலாகக் கூடுதல் சீஸ் உண்டு. நம்மவர்கள் பிழைத்திருப்பார்கள்.)

பொய் வேறிடத்தில் இருக்கிறது. பப் சுவரில் சிரிக்கும் அந்த உழவன் யார்? டார்செட் மாவட்டத்தில் டோல்படில் என்றொரு சிற்றூர். 1830களில் அங்கே பண்ணையாளின் வாரக் கூலி 7 ஷில்லிங். அதையும் 6 ஆக்கப் போகிறார்கள் என்ற நிலையில் சங்கம் வைத்தார்கள். ரகசியப் பிரமாணம் எடுத்த குற்றத்துக்காக 1834இல் ஜார்ஜ் லவ்லெஸ் உள்ளிட்ட ஆறு பேருக்கு ஏழு வருஷ நாடுகடத்தல், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். நாடே கொதித்தெழுந்த பிறகு 1836இல் மன்னிப்பு வந்தது. ரொட்டியும் சீஸும் அவர்களுக்கு ரசனை அல்ல. வேறு வழியில்லாத சாப்பாடு. விளம்பரம் தட்டை எடுத்துக்கொண்டது, கூலியை விட்டுவிட்டது.

சரி, எப்படி அடுக்குவது என்று கேட்ட மருமகள்களுக்கு: சீஸை ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், குளிர்ச்சியில் ருசி தெரியாது. புளிப்புள்ள ஆப்பிளாகப் பாருங்கள். கொழுப்பின் திகட்டலை அதுதான் வெட்டும். நறுக்கிய துண்டில் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காது. சைவர்கள் வருவதாக இருந்தால் அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய முறைச் சீஸ்களில் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட். வெங்காய ஊறுகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் திராட்சையெல்லாம் வினிகர் வாசம் அடிக்கும்.