அச்சவாரமும் மூன்று ஞாயிறும்

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் நெடுங்காலம் உறுதி எழுதியவன் நான். வீடு, வளவுக்கு விலைபேசி அச்சவாரம் கொடுத்த பிறகு விற்பனை குழம்பி, காசுக்கு அலைந்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். குழப்பம் பெரும்பாலும் பங்குக்காரரால் வரும். “அண்ணை, எனக்குச் சொல்லாமல் என்னெண்டு பிறத்தியாருக்கு விலைபேசினனீங்கள்? நான் எடுக்கிறன்.”

அந்தக் கேள்வி நியாயமானது. ஒல்லாந்தர் காலத்தில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒப்படைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே, பங்குக்காரர் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. முன்னாளில் உரித்தாளர், பங்காளிகள், ஒற்றி பிடித்த அயற்காணிக்காரர் முதலானோருக்கு அறிவித்தே விற்க வேண்டியிருந்தது. அதே ஊரவருக்கு ஒரு மாதத் தவணை, பிறதேசத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம். ஒல்லாந்தர் அதைச் சுருக்கி, விற்பவரின் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு கூறவைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஒழுங்கு. ஊரறியச் சொன்ன பிறகு கைமாறும் காசு அந்தரத்தில் நிற்காது.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அயற்காணிக்காரரை விலக்கி, கூட்டு உரிமையாளருக்கும் உரித்தாளராகக்கூடியவருக்கும் மட்டும் உரிமையை வைத்தது.

காசின் கதை வேறு. 1840இன் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி உடன்படிக்கை செல்லாது. வாய்ப்பேச்சில் அச்சவாரம் கொடுத்தவர் ‘உறுதி எழுதித் தா’ என்று வழக்கு வைக்க முடியாது. ஆனால் விற்பவர் பின்வாங்கினால், கொடுத்த காசைக் கேட்க உரோம-டச்சுச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலுக்கு மூன்று வருடக் காலவரையறை உண்டு. ‘சொந்தக்காரர்தானே, தருவார்’ என்று பொறுத்திருந்தே பலர் அதைத் தவறவிட்டார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கோப்பாய் வளவொன்றுக்கு என் அம்மா கொடுத்த அச்சவாரத்தின் துண்டும் வீட்டோடு போயிற்று. விற்க இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். காசு வரவே இல்லை. போரினால் வழக்கு வைக்க முடியாதவர்களுக்கென 2016இல் வந்த 5ஆம் இலக்கக் காலவரையறைச் சட்டம் அசையாச் சொத்தை மீட்கத்தான் உதவியது. அச்சவாரம் அதற்குள் வரவில்லை. அம்மாவைப்போல் எத்தனை பேர்! அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாங்க இருப்பவர்களே, பங்குக்காரர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களின் சம்மதத்தை முதலில் எழுத்தில் எடுங்கள். விற்பனை நடக்காவிட்டால் எத்தனை நாளில் காசு திரும்பும் என்பதை நொத்தாரிசு முன் எழுதுவித்த பிறகே அச்சவாரம் கொடுங்கள்.