ஆல்ஃபரின் ஐந்து கெல்வின்

பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களைக் கணக்கில் எழுதிப் பார்க்கத் துணிந்த ஆய்வேடு ஒன்று, ஒரு வேடிக்கைக்குப் பலியானது. 1948இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காமோவின் ஆய்வு மாணவராயிருந்த ரால்ஃப் ஆல்ஃபருக்கு வயது 27. அவருடைய ஆய்வின் சாரத்தைக் கட்டுரையாக வெளியிடுகையில், அதில் பங்கேதும் இல்லாத ஹான்ஸ் பேத்தேயின் பெயரையும் காமோவ் நடுவில் செருகினார். ஆல்ஃபர், பேத்தே, காமோவ். அதாவது ஆல்ஃபா, பீட்டா, காமா! வெளியான நாளும் ஏப்ரல் 1. இரு பெரும்புகழாளர்களுக்கு நடுவே தன் உழைப்பு கரைந்துபோகும் என்று ஆல்ஃபர் அஞ்சினார்.

ஆல்ஃபரின் ஆதிப் பிரபஞ்சம் நியூட்ரான்களால் நிரம்பியது. விரிந்து குளிர்கையில் சில புரோட்டான்களாகச் சிதைய, மற்றவை ஒவ்வொன்றாக அவற்றோடு ஒட்டித் தனிமங்கள் அனைத்தும் உருவாயின என்பது அவர் எண்ணம். அழகான எண்ணம்தான், ஆனால் இரண்டு இடங்களில் தவறியது. நிறை எண் 5, 8 கொண்ட நிலையான அணுக்கரு இயற்கையில் கிடையாது. படிக்கட்டு ஹீலியத்தைத் தாண்டியதும் உடைந்துவிடுகிறது. கரியும் இரும்பும் விண்மீன்களின் வயிற்றில் வெந்தவை என்பது 1950களில் தெளிவாயிற்று.

மற்றொரு பிழையை 1950இல் சுட்டியவர் ஜப்பானின் சூஷிரோ ஹயாஷி. வெப்பநிலை 1000 கோடி கெல்வினுக்கு மேலிருந்தபோது எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் நியூட்ரினோக்களும் மோதி, மென் அணுவிசையின் வழியே நியூட்ரானைப் புரோட்டானாகவும் புரோட்டானை நியூட்ரானாகவும் இடைவிடாது மாற்றிக்கொண்டிருந்திருக்கும். எனவே தொடக்கத்தில் எது இருந்தது என்று கேட்பதே வீண். விகிதத்தை வெப்பநிலை நிர்ணயித்துவிடும். இக்கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஏறக்குறைய ஒரு நொடியில், விரிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் மென்விசை பின்தங்குகிறது. சுமார் ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்று விகிதம் உறைகிறது. சில நிமிடங்கள் கழித்து, டியூட்டீரியம் உடையாமல் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வெப்பம் தணிந்து வல்விசை அணுக்கருக்களைப் பிணைக்கத் தொடங்குகையில், சிதைந்தவை போக ஏழுக்கு ஒன்று. 14 புரோட்டான், 2 நியூட்ரான் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஹீலியம் அணுக்கரு, மிச்சம் 12 ஹைட்ரஜன். நிறையில் கால் பங்கு ஹீலியம். வானில் அளந்து காண்பதும் ஏறத்தாழ அதுவே.

ஆல்ஃபர் வீம்பு பிடிக்கவில்லை. ஹயாஷியின் திருத்தத்தை ஏற்று, ஜேம்ஸ் ஃபாலின், ராபர்ட் ஹெர்மன் ஆகியோருடன் 1953இல் கணக்கைப் புதிதாக எழுதினார்.

அதற்கும் முன்பே, 1948இல், ஆதி வெப்பத்தின் எச்சம் இன்று 5 கெல்வின் அளவில் எங்கும் பரவியிருக்கும் என்று அவரும் ஹெர்மனும் எழுதியிருந்தார்கள். தேட எவரும் முனையவில்லை. 1955இல் ஆல்ஃபர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலைக்குச் சேர்ந்தார். மறுவருடம் ஹெர்மன் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனார். 1964இல் நியூஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் அந்த எச்சத்தை, இன்னதென்று அறியாமலே, ஆன்டெனாவின் இரைச்சலாகக் கேட்டனர். விளக்கம் தந்தது பிரின்ஸ்டன் குழு. 1965இல் வெளியான அவ்விரு கட்டுரைகளிலும் ஐந்து கெல்வின் கணிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்றைய அளவீடு 2.7 கெல்வின். 1978இல் பென்சியாஸும் வில்சனும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 2007 ஜூலையில் ஆல்ஃபருக்கு வழங்கப்பட்டது. நோயுற்றிருந்ததால் மகன் சென்று வாங்கிவந்தார். ஆகஸ்ட் 12 அன்று ஆல்ஃபர் காலமானார். ஹெர்மன் 1997இலேயே இறந்திருந்தார்.