வேர்வுல்ஃப் பை நைட் – முதல் இதழ்

பௌர்ணமி இரவுகளில் ஓநாயுருக் கொள்ளும் ஜாக் ரஸ்ஸல் என்ற இளைஞனைக் கதாநாயகனாகக் கொண்டு, நியூயார்க் நகரத்து மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தார் 1972 முதல் 1977 வரை பிரசுரித்த சித்திரக்கதைப் பத்திரிகை ‘வேர்வுல்ஃப் பை நைட்’. 1972 செப்டம்பர் எனத் தேதியிட்டு, 20 சென்ட் விலையில் வெளிவந்த இதன் முதல் இதழுக்குக் கதை வசனம் எழுதியவர் ஜெரி கான்வே. சித்திரம் தீட்டியவர் மைக் ப்ளூக்.

இவ்விதழின் பெருமையை உணர, அமெரிக்கச் சித்திரக்கதை உலகில் ஓநாய்மனிதன் பல ஆண்டுகள் பிரஷ்டனாகக் கிடந்த வரலாற்றை அறிதல் அவசியம். பயங்கரக் கதைகள் சிறுவர் உள்ளத்தைக் கெடுத்துக் குற்றங்களுக்கு வித்திடுகின்றன என்று மனோவைத்தியர் ஃப்ரெடரிக் வெர்தம் 1954-ல் நூலெழுதி வாதிக்க, செனட் துணைக்குழுவொன்றும் அவ்வாண்டே பகிரங்க விசாரணை நடத்தவே, சர்க்கார் தலையிடுவதற்கு முன் தாமே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வது மேலெனக் கருதிய பிரசுரகர்த்தர்கள், ‘காமிக்ஸ் கோட்’ என்னும் விதித்தொகுப்பை இயற்றினார்கள். இரத்தக் காட்டேரி, பிணந்தின்னி, ஓநாய்மனிதன் ஆகிய அனைத்தும் அதில் அறவே விலக்கப்பட்டன. அவ்விதிகளுக்கு இணங்கியதற்கு அடையாளமான முத்திரை அட்டையில் இல்லாத பத்திரிகையை விநியோகஸ்தர்கள் ஏற்கத் தயங்கியதால், சட்டத்தின் பலமில்லாத அவ்விதிக்குச் சட்டத்தினும் மிகுந்த வலிமை வாய்த்தது. கலைஞர்களின் கற்பனையை இத்தனை காலம் கட்டிவைத்த அத்தடை அச்சத்தில் பிறந்ததேயன்றி ஆராய்ச்சியில் பிறந்ததன்று.

1971-ல் விதி தளர்ந்தது. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் போன்ற உயர்ந்த இலக்கியங்களின் மரபை ஒட்டிக் கையாளப்படுமாயின் இப்பாத்திரங்களை அனுமதிக்கலாம் என்று புதிய விதி வகுக்கப்பட்டது. இலக்கியப் பரம்பரை இல்லாத காரணத்தால், எழுந்து நடமாடும் பிணங்களுக்கு மட்டும் அப்போதும் விமோசனம் கிடைக்கவில்லை.

வாய்ப்பை உடனே பற்றிக்கொண்ட மார்வெல் நிறுவனத்தில், ஓநாய்மனிதன் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக ஒரு தொடர் வரவேண்டுமென விரும்பியவர் எழுத்தாளர் ராய் தாமஸ். அதற்கு ‘ஐ, வேர்வுல்ஃப்’ என்று பெயரிட அவர் எண்ணியிருக்க, தடைக்கு முந்திய நாளில் தங்கள் நிறுவனம் வெளியிட்ட சிறுகதையொன்றின் தலைப்பையே ஆசிரியர் ஸ்டான் லீ தேர்ந்தெடுத்தார். ராய் தாமஸும் அவருடைய மனைவி ஜீனும் அமைத்துக் கொடுத்த கதைப்போக்கை ஒட்டிக் கான்வே எழுதிய முதற்கதை, ‘மார்வெல் ஸ்பாட்லைட்’ என்னும் பரீட்சார்த்தப் பத்திரிகையின் 2-ஆம் இதழில், 1972 பிப்ரவரித் தேதியுடன் வெளிவந்தது.

கதையின் அடித்தளம் சோகம். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தாய் லாராவோடும், சிறிய தந்தை ஃபிலிப்போடும், தங்கை லிஸ்ஸாவோடும் வாழும் ஜாக், பதினெட்டு வயது நிறைந்த இரவில் மிருகமாகிறான். மோட்டார் விபத்தில் சிக்கி மரணப் படுக்கையிலிருக்கும் தாய், அது தந்தைவழி வந்த பரம்பரைச் சாபம் என்ற உண்மையை வெளியிட்டு, ஃபிலிப்புக்குத் தீங்கு செய்வதில்லை என்று மகனிடம் வாக்குறுதியும் பெற்று மறைகிறாள். கடித்ததனால் தொற்றிய நோயன்று இது. பிறப்போடு வந்த வினை. தங்கைக்கும் அந்த வயது வருமே என்னும் ஏக்கம் அவன் கவலையை இரட்டிப்பாக்குகிறது. ஓநாயான நிலையில் பேச்சிழந்துபோகும் அவன், மனிதனாக மீண்டபின் அவ்விரவுச் செயல்களைத் தானே விவரிக்கும் உத்தி, வாசகனைக் குற்றவாளியின் பக்கத்திலேயே நிறுத்தி இரங்கச் செய்கிறது. எழுதிய கான்வேக்கும் அப்போது இருபது வயது நிரம்பவில்லை என்பது இக்கதையின் வாலிப வேதனை உண்மையாக ஒலிப்பதற்கு ஒரு காரணமாகலாம்.

ஸ்பாட்லைட்டின் மூன்று இதழ்களில் ஓடிய பின்னரே தனிப் பத்திரிகை பிறந்தது. ஆதலின் முதல் இதழ் புதிய தொடக்கமன்று. பார்வையால் மனிதரைக் கல்லாக்கும் மார்லின் பிளாக்கர் என்னும் பெண்ணை மையமாகக் கொண்டு முந்தைய கதையைத் தொடர்வதே அது. மூத்த சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரிடம் பணியாற்றித் தேர்ந்த ப்ளூக்கின் சித்திரங்களே அதன் ஜீவன்: அடர்ந்த நிழல்களும், கூனிப் பதுங்கும் அவ்வுருவத்தில் தெரியும் மூர்க்கமும் தீனமும் அவருக்குப் பின் வரைந்தோரிடம் அத்துணைச் சிறக்கவில்லை.

பிற்காலத்தில் மார்வ் வுல்ஃப்மன், டக் மெஞ்ச் ஆகியோர் தொடரை எழுதினர். மெஞ்சும் ஓவியர் டான் பெர்லினும் 1975 ஆகஸ்ட் தேதியிட்ட 32-ஆம் இதழில், ஓநாய்மனிதனைப் பிடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டவனாகப் படைத்த மூன் நைட், பின்னாளில் இத்தொடரினும் அதிகப் புகழடைந்தான். 43-ஆம் இதழோடு, 1977 மார்ச்சில் பத்திரிகை நின்றது. 2022-ல் மைக்கேல் ஜியாக்கினோ இயக்கத்தில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இது படமாகியது.

முதல் இதழைச் சேகரிப்போர் போற்றுவது இயல்பே. எனினும் கதையை வாசிக்கப் புகுவோர் ஸ்பாட்லைட் 2-ஆம் இதழிலிருந்து தொடங்குவதே முறை.