ஓலையும் உள்ளமும்

சிறுவன் ஒருவன் நூலைத் தலைகீழாக ஒப்பிக்கிறான். உற்றார் வியக்கின்றனர், ஆசான் பூரிக்கிறார். பொருள் என்னவென்று கேட்டால், விழிக்கிறான்! திண்ணைப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கல்வி இது.

பிள்ளையின் அறிவிலா குறை? ஓலையைப் பாருங்கள். எழுத்தாணி பட்டால் ஏடு கிழியுமென்று புள்ளி வைக்காது எழுதினர். எகர ஏகார வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. பாட்டும் உரையும் ஒரே தொடராக ஓடும். பாடம் முன்பே நெஞ்சில் இருந்தவனிடம்தான் ஏடு பேசும். மற்றவனுக்கு அது ஊமை. நிகண்டும் மருத்துவமுங்கூடச் செய்யுளானது நினைவில் நிற்கவே. சிறுவன் மணலில் விரலால் எழுதினான், மணல் கலைந்தது, மனமே அவனுக்கு ஏடாயிற்று.

அறிவு நினைவிலே அடைபட்டால், நினைவுக்கு உடையவனே அறிவுக்கும் உடையவனாகிறான். வேதத்தை ‘எழுதாமறை’ என்றனர். வாயினின்று செவிக்குச் சென்றது அது. சூத்திரன் செவியில் விழலாகாது என்று தரும சாத்திரங்கள் தடுத்தன. செவியை அடைத்தனர்; அறிவின் கதவே அடைபட்டது!

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியது. ஆயினும், 1835-இல் அச்சுக்கூடங்களுக்கிருந்த தடைகள் நீங்கிய பின்னரே நம்மவர் கையில் அவை பெருகின. அச்சு நூலில் புள்ளி நிலைபெற்றது. சொற்கள் பிரிந்து நின்றன. மறந்தால் திரும்பப் புரட்டலாம். இரு பக்கங்களை அருகருகே வைத்து, “இவை முரணன்றோ?” என வினவலாம். ஓடுகின்ற ஓசையை நிறுத்திக் கேள்வி கேட்க இயலுமோ? தாள் காத்து நிற்கும். சுமப்பதினின்று விடுபட்ட மூளை, சிந்திக்கத் தொடங்கிற்று.

1925-இல் ‘குடி அரசு’ பிறந்தது. எழுத்தறிந்த ஒருவர் இயக்க ஏட்டை உரக்கப் படிப்பார். அறியாத பலர் சூழ்ந்து கேட்பர். அன்று அடைக்கப்பட்ட அதே செவி! ஆனால் இப்போது ஏடு நடுவே கிடந்தது. ஐயமுற்றவர், “அதை மறுபடி படியுங்கள்” என்று கேட்க முடிந்தது.

இன்று நினைவைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டோம். செய்தி கணிப்பொறியில் சேமிக்கப்படும் என்று நம்பியவர்கள் அதைக் குறைவாகவே நினைவிற் கொண்டனர், அது இருக்குமிடத்தையே நன்கு நினைவிற் கொண்டனர் என்று 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. இதற்காக ஒப்பாரி வைக்க வேண்டுவதில்லை. பழைய மனப்பாடத்தை மீண்டும் அழைக்கவும் வேண்டுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நம் நினைவைப் பூட்டி வைத்த பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

தோழர்களே! அன்று அதை வாயில் வைத்திருந்தவன் நம் செவியை அடைத்தான். இன்றைய சாவி எந்தக் கையிலென்று கண்டறிவது, மனப்பாடத்தினும் பெரிய கல்வி.