கமகமும் மின்குச்சியும்

1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி தன் நிலையங்களிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இலேதான் அவ்விலக்கு ஓரளவு தளர்ந்தது. தமிழ் நாடக மேடையை ஆண்ட பெட்டிக்கு நேர்ந்த இக்கதி பலருக்கு வருத்தம் தந்ததில் வியப்பில்லை. ஆயினும் விலக்கியோர் கூறிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆர்மோனியக் கட்டைகள் படிக்கட்டுகளைப் போன்றவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. நமது இசையின் கமகமோ அந்த நடுவெளியிலேதான் பிறக்கிறது. தோடியின் காந்தாரத்தைப் பாடகர் அசைத்துப் பாடும்போது அது ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு ஊசலாடுவதை யாவரும் கேட்டிருப்போம். அதைக் கட்டைகளில் வாசிப்பது எங்ஙனம்?

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்வி இன்றும் ஓயவில்லை. வீணை ஆசிரியர் எளிதிற் கிட்டாத ஊர்களில் பிள்ளைகளுக்கு முதலில் வாய்ப்பது கீபோர்டுதான். ஆலுவாவில் வாழும் நாமும் இதைக் காண்கிறோம். சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் சில கீபோர்டுகளில் உண்டு என்பது ஓர் ஆறுதல்.

வானொலியில் ஆர்மோனிய விலக்கு நீடித்த 1969ஆம் ஆண்டிலேயே, ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னிசைக் கூடம் ஒன்று தோன்றியது. அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் அங்கே மோக் சிந்தசைசர் ஒன்றை அமைத்துத் தந்தார். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்த கீதா சாராபாயும், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோரும் அக்கூடத்தில் ஒலிகளைப் படைத்தனர். 1972க்குப் பின் அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் உறங்கின. பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன.

ராபர்ட் மோக் 1964இல் உருவாக்கிய இவ்வகைக் கருவியின் சிறப்பு, அதன் பல பகுதிகளும் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்படுவதாகும். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த வோல்ட் கட்டையிலிருந்து வந்ததா, வேறொன்றிலிருந்து வந்ததா என்று கருவி கேட்பதில்லை. அதே 1969இல் லண்டனில் பீட்டர் சினோவியெஃப் குழுவினர் வெளியிட்ட வி.சி.எஸ்.3 என்னும் கருவியின் முகப்பிலேயே ஆட்டத்தக்க குச்சியொன்று இருந்தது. படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை கிடைத்துவிட்டது!

அத்தகைய குச்சி இன்று பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. பழைய கணினியில் விளையாடப் பயன்பட்ட ஜாய்ஸ்டிக் அதுவே. அதற்கான 15 முனைச் செருகியை நாளடைவில் புதிய கணினிகள் கைவிட்டன. குச்சியின் அடியில் இருப்பவை வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற இரு மின்தடைகள். ஒன்று இடவலத்துக்கு, மற்றது முன்பின்னுக்கு. கணினிக்கு வேண்டியது தடையின் அளவு மட்டுமாதலால், பெரும்பாலும் மூன்று முனைகளில் இரண்டுக்கே கம்பி இருக்கும். சிந்தசைசருக்கு வேண்டியதோ மின்னழுத்தம். ஆகவே வெறுமையாயுள்ள கோடி முனையைத் தரைக்கம்பியோடு பற்றவைத்து, எதிர்க்கோடியில் 5 வோல்ட் கொடுத்து, நடுமுனையிலிருந்து எடுத்தால், குச்சியின் சாய்வு மின்னழுத்தமாகி வரும். சுமார் 1,00,000 ஓம் தடையுள்ள இவ்வமைப்பை நேரே இணைத்தால் சிந்தசைசர் அதன் அளவைக் கோணச் செய்யும். நடுவே சிறிய பெருக்கிச் சில்லு ஒன்று காவலாக நிற்க வேண்டும்.

இனி அளவைச் சுருக்க வேண்டும். ஐந்து வோல்ட் என்றால் ஐந்து ஸ்தாயி; கை சிறிது நடுங்கினும் ராகம் சிதறிவிடும். தோடி காந்தாரத்தின் ஊசலுக்கு ஏறக்குறைய நான்கு அரைச்சுர அகலம், அதாவது ஒரு வோல்ட்டில் மூன்றிலொரு பங்கு போதும். இன்னொரு திருகினால் அந்த அளவுக்குக் குறைத்து, குச்சி நடுவில் நிற்கையில் உரிய சுரம் ஒலிக்குமாறு சுருதி கூட்டிக்கொள்ளலாம். குச்சியிலுள்ள சுருள்வில் கையை விட்டதும் அதை நடுவுக்கே கொணரும். வீணைத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் அது மீள்வதும் இவ்வாறே. ஆனால் தந்தி சுரத்தை ஏற்றத்தான் வல்லது, குச்சி இறக்கவும் வல்லது.

முன்பின் அசைவை ஒலியின் வண்ணத்தை மாற்றும் வடிகட்டிக்கு விடலாம். துப்பாக்கி சுடுவதற்கென வைத்த பொத்தானும் வீணாவதில்லை. அதை அழுத்தினால் சுரம் எழும், விட்டால் அடங்கும்.