விக்கிப்பீடியா மூச்சு வாங்கிய கதை

ஒரு இணையதளத்துக்குக் கூட்டம் சேர்ந்தால் நடத்துபவருக்குக் கொண்டாட்டம்தான். விளம்பரம் போட்டுக் காசு பார்க்கலாம், அந்தக் காசில் புது சர்வர் வாங்கலாம். விளம்பரமே வேண்டாம் என்று இருக்கும் தளத்துக்கு? கூட்டம் என்றால் செலவு மட்டும்தான்! விக்கிப்பீடியா மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

2001 ஜனவரி 15-ல் தொடங்கியபோது அது ஓடியது யூஸ்மாட்விக்கி என்ற சின்ன மென்பொருளில். டேட்டாபேஸ் எல்லாம் கிடையாது, பக்கங்கள் வெறும் ஃபைல்கள். கட்டுரைகள் பெருகப் பெருக அது திணறியது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே, பிஎச்பி-யும் மைஎஸ்க்யூஎல்-லும் கொண்டு புதிதாக ஒன்றை எழுதினார். 2002 ஜனவரியில் அது வந்தது. சில மாதங்களிலேயே அதற்கும் மூச்சு வாங்கியது! லீ டேனியல் கிராக்கர் மறுபடி எழுதினார். 2002 ஜூலையில் வந்த அதுவே பிறகு மீடியாவிக்கி ஆனது.

ஆனாலும் கூட்டம் ஓயவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2003 ஜனவரியில் 1 லட்சம் கட்டுரைகள். 2006 மார்ச்சில் 10 லட்சம். நன்கொடையில் சர்வர்கள் வாங்கினார்கள்தான். ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே இருக்க முடியும்?

கைகொடுத்தது ஒரு எளிய உண்மை. வருபவர்களில் பெரும்பாலோர் படிக்க மட்டுமே வருகிறார்கள், திருத்துபவர்கள் கொஞ்சம்தான். ஓட்டலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவா சாம்பார் வைக்கிறார்கள்? ஒரு அண்டா வைத்து எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். அதேபோல், ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே கொடுப்பதுதான் கேஷ். 2004-ல் ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள் முன்வாசலில் நின்று இந்த வேலையைச் செய்தது. உள்ளே, லைவ்ஜர்னலுக்காக 2003-ல் உருவான மெம்கேஷ்டி உதவியது. டேட்டாபேஸிலும் எழுதுவதற்கு ஒரு இயந்திரம், படிப்பதற்கு அதன் நகல்கள் என்று பிரித்தார்கள்.

இதற்கும் ஒரு சோதனை வந்தது. 2009 ஜூன் 25, மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாள். அவரைப் பற்றிய பக்கத்தை உலகமே திறந்தது. அதே நேரத்தில் பலர் அதைத் திருத்திக்கொண்டும் இருந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய நகல் செல்லாமல் போனது. அண்டா காலியானதும் எல்லா சமையல்காரர்களும் ஒரே நேரத்தில் அதே சாம்பாரை வைக்க ஆரம்பித்தால் அடுப்படி என்ன ஆகும்? அதுதான் நடந்தது. தளம் தள்ளாடியது.

அதன் பிறகு பூல்கவுண்டர் என்ற ஏற்பாடு வந்தது. ஒரு பக்கத்தை ஒரு சர்வர் தயாரித்தால் மற்றவை காத்திருக்க வேண்டும், அல்லது பழைய நகலைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்!

பணம் கொட்டியிருந்தால் சர்வர்களாக வாங்கி அடுக்கியிருப்பார்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்யாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது கையிருப்புக் குறைவுதான். அந்த மீடியாவிக்கியை இன்று யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான்.