ஆள் புழங்கிய கோட்டை

செஞ்சிக் கோட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை முதல் பார்வைக்கு எனக்குக் கடற்கரையோரப் பங்களா போலத்தான் தெரிந்தது. ஆனால் அங்கே கூரை இருக்கிறது. செஞ்சி அரண்மனையில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். சின்னது நிற்கிறது, பெரியது விழுந்துவிட்டது. ஏன்?

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனோடு மிளகு வணிகத்துக்காக உடன்படிக்கை செய்துகொண்டார். அவர் பொன் ஏட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஓவே கெட்டே என்ற கடற்படைத் தளபதி கட்டிய கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர். மேல்தளத்தில் ஆளுநரும் வணிகர்களும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை.

1845-ல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுகம் படுத்துவிட்டது. ஆனாலும் கோட்டை காலியாகவில்லை. அதிகாரிகள் தங்கும் பயணியர் விடுதியானது. 1978-ல் தமிழகத் தொல்லியல் துறை அதை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகமாக்கியது. பீங்கான், நாணயம், பழைய ஆவணங்கள் எல்லாம் இன்று அங்கே இருக்கின்றன.

செஞ்சியின் கதை வேறு. 1677-ல் சிவாஜி பிடித்தார். மொகலாயர் எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தார்கள். 1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபுடன் போரிட்டு மாண்டார். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வந்தவர்களுக்கெல்லாம் வேண்டியது மலையும் மதிலும்தான். போர்கள் ஓய்ந்ததும் செஞ்சியால் யாருக்கும் வேலை இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். கல்யாண மகாலும் நெற்களஞ்சியங்களும் தப்பி நிற்கின்றன.

ஆள் புழங்காத வீடு தானே சரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். டான்ஸ்போர்க்கைக் காப்பாற்றியது அதன் பெருமை அல்ல. ஆளுநர் போனதும் அதிகாரி, அதிகாரி போனதும் அருங்காட்சியகம் என்று கதவைத் திறந்து மூட எப்போதும் ஒருவர் இருந்ததுதான்.

2025-ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இது ஒன்றுதான். நமக்குப் பெருமைதான். ஆனால் பட்டியல் கூரை போடாது. மகால் சுவரில் பெயர் கிறுக்குகிற பிள்ளையைத் தடுக்க, பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பேரப்பிள்ளைகளோடு போகும்போது அந்தப் பெரியவர் நாமாக இருப்போம்.